தன் பெயரைக் காரில் பொறித்தவர்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் வாகனங்களைக் கவனிக்கும் எவருக்கும் ஒன்று விளங்கும். அங்கே ஓடும் கார்களின் பெயர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பெயர்கள். டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா, சுசுகி என்பவை ஜப்பானிலிருந்து வந்தவை. மாருதியும் டாட்டாவும் இந்தியாவிலிருந்து வந்தவை. ஹுண்டாயும் கியாவும் கொரியாவிலிருந்து வந்தவை. இவற்றுக்கு நடுவே இலங்கையர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கார் எதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை. அப்படியொரு கார் இருந்ததே இல்லை என்றுதான் எங்களில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஆனால் இருந்தது. 1970களில் இந்த நாட்டில் யு.எம்.சி. மஸ்டா என்றொரு காரும் உபாலி பியட் என்றொரு காரும் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தன. யு.எம்.சி. என்பது உபாலி மோட்டார் கொம்பனியின் சுருக்கம். அந்தக் கொம்பனியை நடத்தியவர் உபாலி விஜேவர்தன. கண்டோஸ் சொக்கலேட்டைச் சாப்பிடாத மாணவி எங்கள் கல்லூரியில் இருக்கமாட்டாள். அந்தச் சொக்கலேட்டுக்குப் பின்னால் இருந்தவரும் இவரே. டொபியில் தொடங்கிக் கார் வரை சென்ற அந்த மனிதரின் வாழ்க்கையை உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் ஒரு மாணவியின் பார்வையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் மறைந்து நாற்பது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. ஆனாலும் அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி இன்றும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

உபாலி விஜேவர்தன 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி மாத்தறை மாவட்டத்தின் கம்புருபிட்டியவில் பிறந்தார். அவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து முன்னேறியவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விஜேவர்தன குடும்பம் இந்த நாட்டில் செல்வமும் செல்வாக்கும் பெற்ற குடும்பங்களில் ஒன்று. அவருடைய தந்தையின் தாயார் ஹெலேனா விஜேவர்தன களனி விகாரையைத் திருத்திக் கட்டுவித்தவர். தந்தையின் சகோதரர்களில் ஒருவரான டி. ஆர். விஜேவர்தன லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தைத் தொடங்கியவர். 1932ஆம் ஆண்டு முதல் தமிழில் வெளிவரும் தினகரன் அந்த நிறுவனத்தின் பத்திரிகைதான். பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதியான ஜே. ஆர். ஜயவர்தனவும் இவருக்கு நெருங்கிய உறவினர்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய குறை அந்தப் பிள்ளைக்கு இருந்தது. மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். இரண்டு சகோதரிகளோடு தாயாரின் அரவணைப்பிலேயே அவர் வளர்ந்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்து, பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குயின்ஸ் கல்லூரியில் பொருளியல் கற்றார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் சட்டம் படித்து அரசியலுக்குள் போவார்கள், அல்லது தென்னந்தோட்டங்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் பார்த்துக் கொண்டு வாழ்வார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. நாடு திரும்பியதும் லீவர் பிரதர்ஸ் கொம்பனியில் பயிற்சி பெறும் முகாமையாளராகச் சேர்ந்தார். சவர்க்காரமும் பற்பசையும் தயாரித்து நாடெங்கும் விற்கும் அந்தப் பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் ஓர் இடம் கிடைப்பது அக்காலத்தில் இலேசான காரியமல்ல. ஆனால் அங்கே அவர் நீண்ட காலம் நிலைக்கவில்லை. கருத்து வேறுபாடு ஏற்பட, வேலையை விட்டு வெளியேறினார்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து உறவினர்கள் திகைத்திருப்பார்கள். கேம்பிரிட்ஜில் படித்தவர் இனிப்புப் பண்டம் செய்யத் தொடங்கினார். சிறிய அளவில் டொபி தயாரித்து விற்றார். டெல்ட்டா டொபி என்ற பெயர் அப்படித்தான் கடைகளில் பரவியது. பின்னர் உறவினர் ஒருவருக்குச் சொந்தமான கண்டோஸ் சொக்கலேட் தொழிலை வாங்கிக் கொண்டார். கொக்கோ எங்கள் நாட்டிலேயே மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் விளையும் பயிர். அதை வெளிநாட்டுக்கு மூலப்பொருளாக விற்றுவிட்டு, அதே கொக்கோ சொக்கலேட்டாகத் திரும்பி வரும்போது பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதா, அல்லது இங்கேயே சொக்கலேட்டாக்கி விற்பதா? இந்த ஒரு கேள்விக்குள் எங்கள் பொருளியல் பாடப் புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயம் அடங்கியிருக்கிறது.

அவருடைய தொழில்கள் வளர்ந்த காலத்தை விளங்கிக் கொள்ளாமல் அவர் ஏன் காருக்கு வந்தார் என்பதை விளங்கிக் கொள்ள முடியாது. 1970ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டு அரசாங்கம் ஆட்சிக்கு வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப் போயிருந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது நிலைமை மேலும் இறுகியது. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு வரிசை, புடவைக்குக் கூப்பன், அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லத் தடை என்று அந்த நாட்களைப் பற்றி எங்கள் வீட்டு மூத்தவர்கள் இன்றும் பெருமூச்சோடு பேசுவார்கள். அதே கட்டுப்பாட்டால் நன்மை பெற்றவர்களும் உண்டு. இந்திய வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத்து விவசாயிகள் நல்ல விலை கண்டார்கள். மூடிய கதவு சிலருக்குச் சிறையாகவும் சிலருக்குக் காப்பாகவும் இருந்தது.

உபாலி அந்தக் கதவை வேறு விதமாகப் பார்த்தார். வெளிநாட்டு வானொலிப் பெட்டி வர முடியாதென்றால் இங்கேயே பொருத்தலாம் என்று எண்ணினார். யுனிக் என்ற பெயரில் வானொலிப் பெட்டிகளும் மணிக்கூடுகளும் வந்தன. தொலைக்காட்சி நாட்டுக்கு வந்தபின் அதே பெயரில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வந்தன. சவர்க்காரங்கள் வந்தன. கார்களும் இதே வழியில்தான் வந்தன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யு.எம்.சி. மஸ்டா முழுக்க முழுக்க இலங்கையில் உருவாக்கப்பட்ட கார் அல்ல. அது இங்கே பொருத்தப்பட்ட கார். ஒரு காரைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு, உடலின் தகடுகள் எல்லாம் தனித்தனியாக வரும். பொருத்தும் ஆலையில் தகடுகளை ஒட்டிணைத்து, துரு பிடிக்காதபடி கழுவிப் பூச்சிட்டு, வர்ணம் அடித்து, எஞ்சினை இறக்கி, மின்கம்பிகளை இழுத்து, இருக்கைகளைப் பொருத்தி, ஓட்டிப் பரிசோதித்து வெளியே அனுப்புவார்கள். டயர், பற்றரி, இருக்கைத் துணி, கண்ணாடி போன்றவற்றை உள்நாட்டிலேயே வாங்க முடிந்தால் அவ்வளவுக்கு அந்நியச் செலாவணி மிச்சமாகும். முழுக் காரைக் கொண்டு வருவதைவிடப் பாகங்களைக் கொண்டு வருவது நாட்டுக்கு மலிவு. அதோடு வேலையும் இங்குள்ளவர்களுக்குக் கிடைக்கும். கார் உற்பத்தியில் இறங்கிய பல நாடுகள் ஏறிய முதல் படி இதுதான்.

அவர் தேர்ந்தெடுத்த மஸ்டாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்துக் கொம்பனி. 1920இல் தக்கை தயாரிக்கும் தொழிற்சாலையாகத் தொடங்கியது. மீனவக் குடும்பத்தில் பிறந்த ஜுஜிரோ மட்சுடா அடுத்த ஆண்டு அதன் தலைவரானார். 1931இல் அவர்கள் முதன் முதலாகச் செய்த வாகனம் கார் அல்ல, பாரம் ஏற்றும் முச்சக்கர வண்டி. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு விழுந்தபோது நகரம் அழிந்தது. தொழிற்சாலை நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, இடையில் ஒரு குன்றின் மறைவில் இருந்ததால் தப்பியது. காயப்பட்டவர்களுக்கு அது மருத்துவ இடமாயிற்று. மாகாண அரசாங்கத்தின் அலுவலகங்களும் அங்கேதான் சில காலம் இயங்கின. அதே ஆண்டு டிசம்பரில் முச்சக்கர வண்டிகள் மீண்டும் உற்பத்தியாகத் தொடங்கின. 1960இல்தான் அந்தக் கொம்பனி தன் முதல் பயணிகள் காரை வெளியிட்டது. முச்சக்கர வண்டியிலிருந்து காருக்கு வர ஏறக்குறைய முப்பது வருடங்கள் எடுத்தன. உபாலியின் மற்றத் தெரிவான பியட், இத்தாலியின் டூரின் நகரில் 1899இல் தொடங்கிய பழம்பெரும் கொம்பனி. இந்தியாவின் பம்பாய் வீதிகளில் ஓடிய டாக்ஸிகளும் அதன் வழி வந்தவைதான்.

அந்தக் காலத்தில் இங்கே பொருத்திய கார்களுக்கு எப்படிப்பட்ட பெயர் இருந்தது என்பதை எங்கள் அப்பாவிடம் கேட்டறிந்தேன். உம்மாவின் வாப்பாவான அவர் இளமையில் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை பார்த்தவர். ஒரு காரின் மதிப்பு புதிதாக வாங்கும் அன்று தெரியாது, முதன்முதல் பழுதாகும் அன்றுதான் தெரியும் என்பது அவருடைய கொள்கை. பாகம் கிடைக்கிறதா, பக்கத்துக் கராஜில் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதை வைத்தே மக்கள் ஒரு காரை நம்பினார்களாம். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் இருந்த நம்பிக்கை அப்படி வந்ததுதானாம். ஜப்பானிய எஞ்சின் என்பதால் மஸ்டாவையும் மெல்ல மெல்ல ஏற்றுக் கொண்டார்களாம். ஆனால் விற்கும் போதும் வாங்கும் போதும் ஒரு கேள்வி தவறாமல் வருமாம். இது அங்கே பொருத்தியதா, இங்கே பொருத்தியதா என்பதே அந்தக் கேள்வி. இங்கே பொருத்தியது என்றால் ஒரு படி குறைவாக நினைத்தவர்களும் இருந்தார்களாம். அதைப் பொருத்தியவர்கள் யார் என்று கேட்டவர்கள் இல்லை என்று அப்பா சொன்னபோது எனக்கு மனம் வலித்தது. அந்தக் காரின் ஆணிகளை இறுக்கியவர்கள் எங்கள் நாட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய கைகளைத்தான் நாங்கள் சந்தேகித்திருக்கிறோம்.

இந்தச் சந்தேகம் தெரிந்திருந்தும் உபாலி தன் பெயரை எழுதினார் என்பதே அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். ஜப்பானியப் பெயரையோ இத்தாலியப் பெயரையோ மட்டும் வைத்து விற்றிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழுது வந்தால் அந்நியக் கொம்பனியைக் கைகாட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம். பொருளில் தன் பெயரை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. நல்லதென்றாலும் அவருக்குத்தான், கெட்டதென்றாலும் அவருக்குத்தான்.

1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் முதலாவது பணிப்பாளர் நாயகமாக உபாலி நியமிக்கப்பட்டார். கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அவருடைய காலத்தில்தான் உருவாயிற்று. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வரிச் சலுகை கொடுத்து, அவர்களை இங்கே தொழிற்சாலை அமைக்க வைத்து, ஏற்றுமதியைப் பெருக்குவது அதன் நோக்கம். பின்னர் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வந்து தைத்த ஆடைகள் உலகமெங்கும் சென்றன. அந்தப் பெண்களின் உழைப்பு இன்றும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது.

இதில் ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். மூடிய கதவின் பின்னால் தொழில் வளர்த்தவரே கதவைத் திறக்கும் பொறுப்பையும் ஏற்றார். திறந்த கதவு வழியே ஜப்பானில் முழுமையாகச் செய்யப்பட்ட கார்கள் வந்து குவிந்தன. பின்னர் அங்கே பாவித்து இங்கே வந்த கார்களும் சேர்ந்தன. அந்த வெள்ளத்தின் முன் உள்நாட்டில் பொருத்திய காருக்கு இருந்த தனி இடம் இல்லாமற் போனது. தன் சொந்தத் தொழிலுக்கு நட்டம் வரும் என்பதற்காக நாட்டுக்குக் கதவு திறக்க வேண்டாம் என்று அவர் நிற்கவில்லை. தன் தொழில்களை வேறு திசைகளில் விரித்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவருடைய நிறுவனங்கள் கால் பதித்தன. இலங்கையில் தோன்றிய முதலாவது பன்னாட்டு நிறுவனம் என்று உபாலி குழுமத்தைச் சொல்வார்கள். சொந்தமாக விமானங்கள் வைத்திருந்தார். அவருடைய குதிரைகள் இங்கிலாந்தின் ஓட்டக் களங்களில் ஓடின. 1981இல் தி ஐலண்ட், திவயின ஆகிய பத்திரிகைகளைத் தொடங்கினார். பெரிய தந்தையின் வழியில் பத்திரிகைத் துறைக்கும் வந்து சேர்ந்தார்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஒரு பக்கம் ஜனாதிபதியின் உறவினர். மறுபக்கம் அவர் மணம் முடித்தது ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பிறந்த இரத்வத்த குடும்பத்தில். இரண்டு ஆட்சிகளிலும் அவருக்கு வாசல்கள் திறந்தன, சாதாரண மனிதனுக்கு அப்படித் திறக்குமா என்று கேட்டார்கள். தொழிலதிபர் ஒருவரே அரசாங்க ஆணைக்குழுவையும் நடத்தலாமா என்று கேட்டார்கள். பாணுக்கு வரிசையில் நின்ற நாட்டில் கார் வாங்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். இவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அதே வசதியும் அதே உறவும் இருந்த இன்னும் பலர் அந்த நாட்டில் வாழ்ந்தார்கள். அவர்களெல்லாம் தொழிற்சாலை கட்டவில்லை என்பதையும் நாங்கள் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1983ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்பு நோக்கித் தன் லியர்ஜெட் விமானத்தில் புறப்பட்டார். மலாக்கா நீரிணைக்கு மேலே பறந்து கொண்டிருந்தபோது விமானத்துடனான தொடர்பு அறுந்தது. பல நாட்டவர்கள் சேர்ந்து கடலில் தேடினார்கள். அவரும் உடன் சென்ற ஐவரும் திரும்பி வரவேயில்லை. நான்கு நாட்கள் கழித்திருந்தால் அவருக்கு நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்கும். அந்த மறைவைச் சுற்றி எத்தனையோ கதைகள் உலவின. ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. தேநீர்க் கடைகளில் பேசப்பட்ட அந்தக் கதைகளுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கையாவது அவர் தொடங்கி வைத்த தொழில்களுக்குக் கொடுத்திருந்தால் நாட்டுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அதே காலத்தில் வேறு நாடுகளில் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். கொரியாவின் ஹுண்டாய் மோட்டார் கொம்பனி 1967இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது செய்த முதல் வேலை, போர்ட் கொம்பனியின் கொர்ட்டினா காரைப் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்துவதுதான். அதாவது உபாலி ஏறிய அதே படி. ஆனால் அவர்கள் அந்தப் படியிலேயே நிற்கவில்லை. 1975இல் போனி என்ற தங்கள் சொந்தக் காரைச் செய்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியர், எஞ்சின் தொழில்நுட்பம் ஜப்பானுடையது, பெயர் மட்டும் தங்களுடையது. அடுத்த ஆண்டே அதைத் தென்னமெரிக்காவின் ஈக்குவடோருக்கு ஏற்றுமதி செய்தார்கள். இந்தியாவிலோ, சுசுகியுடன் சேர்ந்து மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. உபாலி மறைந்த அதே ஆண்டு. அந்தச் சின்னக் கார் எத்தனையோ இந்தியக் குடும்பங்களின் முதல் கார் ஆயிற்று. எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

இலங்கையில் ஏன் அப்படி நடக்கவில்லை? எங்கள் சந்தை சிறியது என்பது ஒரு காரணம். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 1 கோடி 27 இலட்சம்தான். ஒரு கார் ஆலை இலாபமாக ஓட ஆண்டொன்றுக்கு ஆயிரக்கணக்கில் கார்கள் விற்க வேண்டும். 1983 ஜூலையில் வெடித்த இனக்கலவரமும் அதன் பின் நீண்ட யுத்தமும் இன்னொரு காரணம். வெள்ளவத்தையில் எரிந்த கடைகளையும் வீடுகளையும் பார்த்தவர்கள் இன்னும் எங்களிடையே வாழ்கிறார்கள். நெருப்பு எரியும் வீட்டில் தொழிற்சாலை பற்றி யார் யோசிப்பார்கள்? மூன்றாவது காரணத்தை எங்கள் வகுப்பில் விவாதித்தோம். வளரும் பருவத்திலுள்ள கைத்தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பொருளியல் சொல்கிறது. நடை பழகும் குழந்தையின் கையைப் பிடிப்பது போல. ஆனால் எப்போது கையை விடுவது என்பதும் முக்கியம். கொரியாவில் பாதுகாப்புக் கொடுத்தார்கள், கூடவே வெளிநாட்டில் விற்றுக் காட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். எங்கள் நாட்டில் ஓர் ஆட்சி கதவை முழுதாக மூடியது, அடுத்த ஆட்சி அகலத் திறந்தது. நடை பழக நேரம் கிடைக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020இல் அந்நியச் செலாவணி இல்லாமல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பழைய கார்களின் விலை புதிய காரின் விலையை மிஞ்சியது. எங்கள் மாமா வாங்க நினைத்திருந்த சிறிய கார், அவர் சேர்க்கச் சேர்க்க எட்டாத உயரத்துக்குப் போய்க் கொண்டே இருந்தது. 2025இல்தான் கதவு மறுபடி திறந்தது. எங்கள் பாட்டன்மார் கண்ட அதே கதவு, அதே மூடலும் திறத்தலும். இடையில் ஐம்பது வருடங்கள் போய்விட்டன. இன்றும் மற்றவர்கள் செய்ததை எப்போது வாங்கலாம் என்றே காத்திருக்கிறோம்.

கடைசியாக எங்கள் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வியாபாரச் சமூகம். புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் எங்கள் வாப்பாமாரும் சாச்சாமாரும் வாங்கி விற்றே எங்களைப் படிக்க வைக்கிறார்கள். அதில் பெருமைதான். ஆனால் வாங்கி விற்பவர் ஒருபோதும் பொருளில் தன் பெயரை எழுதுவதில்லை. ஒரு பாகம் சரியில்லையென்றால் வேறு கொம்பனியின் பாகத்தை எடுத்துக் கொடுப்பார். செய்பவருக்கு அப்படி மாற்ற முடியாது. செய்வது கடினம், நட்டமும் வரலாம், சிரிப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தக் கடினத்தைத் தாங்கும் பிள்ளைகள் இல்லாத சமூகம், எவ்வளவு பெரிய கடை வைத்திருந்தாலும் இன்னொருவர் கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் முன்னையவர்களுக்குக் கிடைக்கவில்லை. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கலாம். இன்று கார்கள் மின்சாரத்துக்கு மாறிக் கொண்டிருக்கின்றன. பற்றரியும் மென்பொருளும் அறிந்த கைகளுக்கு நாளை வேலை அதிகம். அந்தக் கைகள் பெண்களின் கைகளாகவும் இருக்கலாம். பெற்றோர்களே, உங்கள் மகள் கணக்கியலோடு நில்லாமல் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், அது ஆண்களின் வேலை என்று சொல்லித் தடுத்துவிடாதீர்கள். சகோதரிகளே, நாங்கள் செய்யும் பொருள் ஒரு டொபியாக இருந்தாலும் அதில் எங்கள் பெயரை எழுதத் தயங்க வேண்டாம். உபாலி விஜேவர்தன டொபியில்தான் தொடங்கினார். அவர் காரில் பொறித்த பெயர் வீதியிலிருந்து மறைந்துவிட்டது. அந்தத் துணிவையும் சேர்த்து மறக்க விடுவதா என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.